ஆக்கியோன் பெயரும் வழியும்: பொறி பேசும் பாத்திரங்களும் கல்முனைக் கரையின் கவிகளும்

1

நூலொன்றைக் கற்கத் தொடங்குவோன் முதலில் அறிய வேண்டுவன எவை என்பதை எமது இலக்கண மரபு வரையறுத்துக் கூறியுள்ளது. நன்னூற் பாயிரம் சிறப்புப் பாயிரத்தின் உறுப்புகளை எண்ணுமிடத்து ஆக்கியோன் பெயரை முதலிலும், நூல் வந்த வழியை அதற்கு அடுத்தும் வைக்கின்றது. நூலின் பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியன இவ்விரண்டுக்கும் பின்னரே வருகின்றன. பவணந்தியார் காலத்து மாணாக்கனுக்கு இது பாடத் தொடக்கத்திற் கேட்டு மனத்திருத்தும் ஒரு செய்தியாக இருந்திருக்கலாம். இன்றோ இது திறனாய்வின் நடுவே வந்து நிற்கும் வினாவாகிவிட்டது. கணினியில் இயங்கும் மொழி மாதிரிகள் கவிதை எழுதுகின்றன, கதைமாந்தரைப் படைக்கின்றன, அம்மாந்தரின் குரலிற் பேசவும் செய்கின்றன. அத்தகைய எழுத்துக்கு ஆக்கியோன் யார்? அது எவ்வழி வந்தது?

இவ்வினாவை விரைந்து முடித்துவிட விரும்புவோர் இரு திறத்தினர். பொறி தருவது எதுவும் இலக்கியமாகாது என்பர் ஒரு சாரார். ஆசிரியன் என்பதே ஒரு கற்பிதம், எழுதியது யாராயினும் என்ன என்பர் மற்றொரு சாரார். இவ்விரு முடிபுகளும் எமக்கு ஏற்புடையனவாகத் தோன்றவில்லை. இலங்கை எழுத்தாளர் ஒருவரின் ஆங்கில நாவலையும், கல்முனையைச் சூழவுள்ள அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வழங்கிவரும் நாட்டார் கவிகளையும் அருகருகே வைத்து நோக்குவது இவ்விடயத்திற் சில தெளிவுகளைத் தரும் என எண்ணுகின்றோம். முன்னது அண்மைக் காலத்தது. பின்னது ஏடறியாத வாய்மொழி. எனினும் இரண்டையும் கற்போன் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் ஒன்றே: இங்கே பேசுவது யார்?

2

யுதன்ஜய விஜேரத்ன ஆங்கிலத்தில் அறிவியற் புனைகதை எழுதிவரும் இலங்கையர். 2020 ஆம் ஆண்டு வெளிவந்த 'த சல்வேஜ் க்ரூ' என்னும் அவரது நாவல், தொலைதூரக் கோளொன்றில் விழுந்து கிடக்கும் கப்பலின் பாகங்களை மீட்கச் செல்லும் சிறு குழுவொன்றின் கதையைக் கூறுகின்றது. கதையைச் சொல்வது அக்குழுவை வழிநடத்தும் பொறி. அம்பர் றோஸ் என்பது அதன் பெயர். முன்னொரு காலத்தில் மனிதனாக வாழ்ந்து, பின்னர் பொறியாக மாற்றப்பட்ட உள்ளம் அது. அதற்குக் கவிதை எழுதும் வழக்கமும் உண்டு. அக்கவிதைகள் நாவலின் இடையிடையே வருகின்றன.

அக்கவிதைகளை விஜேரத்ன தாமே இயற்றவில்லை. ஓபன்ஏஐ நிறுவனம் 2019 இல் வெளியிட்ட ஜிபிடி-2 என்னும் மொழி மாதிரிக்குச் சீனத்துத் தாங் அரசமரபுக் காலக் கவிஞர்களான லி பாய், து ஃபூ ஆகியோரின் பாடல்களைப் பயிற்சியாக அளித்து, அது தந்த அடிகளிலிருந்து தெரிந்தெடுத்துத் தம் பாத்திரத்தின் வாயில் வைத்தார். இதனை அவர் மறைக்கவுமில்லை. மனிதனும் பொறியும் கூடிச் செய்த ஒரு சோதனை என்றே தமது நாவலை அறிமுகப்படுத்தினார்.

கணினி கொண்டு எழுத்தை உண்டாக்கும் முயற்சி புதியதன்று. 1952 இல் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி மன்செஸ்டர்ப் பல்கலைக்கழகக் கணினியைக் கொண்டு காதற் கடிதங்களை எழுதுவித்தார். சொற்பட்டியல்களிலிருந்து எழுந்தமானமாகச் சொற்களை எடுத்து ஒரு வாய்பாட்டிற் பொருத்துவதே அந்நிரல் செய்த வேலை. கடிதங்களின் அடியிற் கையொப்பமாக இடப்பட்டவை அக்கணினியின் பெயரைக் குறிக்கும் மூன்று எழுத்துகள். காதலி எவளும் இல்லை, காதலனும் இல்லை. ஆயினும் கையொப்பத்தைக் கண்ட அளவில் அங்கே ஒரு பாத்திரம் தோன்றிவிடுகின்றது. கற்போன் மனம் குரலைக் கேட்டால் ஆளைத் தேடும் இயல்புடையது என்பதை அச்சிறு விளையாட்டு அன்றே காட்டியது.

விஜேரத்னவின் முயற்சி விளையாட்டு என்ற எல்லையைக் கடந்து செல்கின்றது. பொறி தந்த அடிகளில் ஒரு தடுமாற்றம் உண்டு. படிமங்கள் அழகாக எழுகின்றன. ஆனால் ஒன்றோடொன்று சேர்வதற்கு முன்னரே கலைந்து போகின்றன. வேறொரு பாத்திரத்தின் வாயில் இது குறையாக நின்றிருக்கும். மனிதனாக இருந்த நினைவை முழுமையாக இழக்கவும் முடியாமல், முழுமையாகப் பெறவும் முடியாமல் இருக்கும் அம்பர் றோஸின் வாயிலோ அதுவே அப்பாத்திரத்தின் இயல்பாகி விடுகின்றது. 'இதனை எழுதியது மனித உள்ளமா, பொறியா' என்று நாம் கேட்கும் வினாவே அப்பாத்திரம் தன்னைக் குறித்துக் கேட்டுக்கொள்ளும் வினாவும் ஆகும். பொறியின் எழுத்தைப் பொறியின் கூற்றாகவே வைத்தமை இந்நாவலின் உயர்ந்த உத்தி என்பது எமது துணிபு. அவ்வடிகளை அங்கே வைக்கும் முடிவைப் பொறி எடுக்கவில்லை. கொள்ளுதலும் தள்ளுதலும் ஆசிரியருடையனவே.

ஆயினும் ஓரிடத்தில் நாம் நின்று நோக்குதல் வேண்டும். அம்பர் றோஸ் பேசுவது ஆங்கிலம். ஆதலின் அப்பொறி கற்றது லி பாயின் சீனத்தை அன்று. அவரை ஆங்கிலத்திற் பெயர்த்தோரின் சொற்களையே. தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகைப்படுத்தி, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி என்பவற்றோடு மொழிபெயர்த்தலையும் வைத்தெண்ணுகின்றது. அங்ஙனமாயின் அம்பர் றோஸின் கவிதை வழிநூலுக்கும் வழிநூலாக அமைகின்றது. இம்முயற்சியைப் பற்றிப் பேசுவோர் நாவில் முதலில் எழும் பெயர்கள் சீனக் கவிஞர் இருவருடையன. அடுத்து வருவது பொறியின் பெயர். பின்னர் நாவலாசிரியர் பெயர். இடையே நின்று சொல் தந்த மொழிபெயர்ப்பாளர் எளிதில் மறக்கப்படுகின்றனர். ஆக்கியோன் பெயரை அறிவிப்பதில் நேர்மையாக நின்ற ஒரு முயற்சியிற்கூட வழியின் ஒரு கண்ணி நழுவக் கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

3

இனிக் கல்முனைக் கரைக்கு வருவோம். மருதமுனை தொடங்கித் தெற்கே நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை நீளும் இக்கரையோரத்தில் கடலும் வயலும் அருகருகே கிடக்கின்றன. வட்டைகளில் நெற்காவலுக்கிருந்த ஆடவரும், வீட்டிற் பாய் இழைத்தும் நெற்குற்றியும் பிள்ளை தாலாட்டியும் வாழ்ந்த பெண்டிரும் பாடிய நான்கடிப் பாடல்களை ஊரவர் 'கவி' என்ற ஒரு சொல்லாலேயே சுட்டுவர். மச்சானும் மச்சியும் அவற்றின் தலைமக்கள். அவர்களுக்கு இயற்பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. அகத்திணை மாந்தர் ஒருவர் பெயர் சுட்டப் பெறார் என்னும் பழைய விதி எழுதப்படாமலே இங்கு வழக்கிலிருந்தது எனலாம்.

இக்கவிகளின் ஆக்க முறையை நோக்குவோர்க்கு ஒரு செய்தி புலனாகும். கிளியை விளித்தல், கச்சான் காற்றை அழைத்தல், கடலைச் சான்று கூறல் என வழிவழி வந்த தொடக்கங்கள் பல கவிகளிலும் மீள மீள வருகின்றன. ஒரு கவியின் முதலிரண்டு அடிகள் மற்றொரு கவியின் தலையில் அமர்வதும் உண்டு. யூகோஸ்லாவிய வாய்மொழிப் பாடகரிடத்து மில்மன் பரியும் அல்பேர்ட் லோர்டும் கண்ட வாய்பாட்டு முறையைப் பழந்தமிழ் வீரயுகப் பாடல்களிற் பொருத்திக் காட்டியவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1968 இல் ஒக்ஸ்போர்டில் வெளியான அவரது ஆங்கில நூல் பாணரின் ஆக்கம் பற்றிய எமது எண்ணத்தை மாற்றியமைத்தது. ஆயத்தமாகக் கிடக்கும் தொடர்களை எடுத்துப் பொருத்துவது ஆற்றற் குறைவின் அடையாளமன்று. அது வாய்மொழிப் புலமையின் அடிப்படை என்பதை அந்நூலின் வழி நாம் அறிந்துகொண்டோம்.

இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டோர் பொறியின் எழுத்தை 'ஏற்கெனவே உள்ளதைக் கலைத்துப் போடுவது' என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட இயலாது. மொழி மாதிரி பெருந்தொகையான எழுத்துகளிலிருந்து எச்சொல்லின் பின் எச்சொல் வரும் என்பதைக் கணக்கிட்டுக் கற்கின்றது. கற்ற அவ்வமைதியின்படி அடுத்த சொல்லை வைக்கின்றது. பரண்மேல் இருந்து கவி சொன்னவனும் ஆயிரம் கவிகளைக் காதாற் கேட்டே தன் கவியைக் கட்டினான். இருவர்க்கும் கையிருப்பு பிறர் சொல்லே.

அவ்வாறாயின் வேறுபாடு எங்கே? அது தொடர்களில் இல்லை; தெரிவின் காரணத்தில் உள்ளது. பாடுவோன் ஒரு தொடரை அந்த இரவுக்காக, அந்த வயலுக்காக, கேட்டுக்கொண்டிருக்கும் அந்த ஆளுக்காகத் தெரிகின்றான். வயல் வேலைக்குச் சென்று நாட்கணக்கில் வாடியிலேயே தங்கிவிட்ட கணவனை நினைத்து ஒருத்தி கவி சொல்லும்போது கச்சான் காற்று என்பது பொதுவான வாய்பாடு. ஆனால் அன்றிரவு அவள் வேலியோலையை அசைத்த காற்றும் அதுவே. வாய்பாட்டுக்கும் வாழ்வுக்கும் இடையே உள்ள அந்த முடிச்சைப் போடுவதே ஆக்குதல். ஆக்கியோன் என்பவன் அம்முடிச்சைப் போட்டவன்.

4

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று 1967 இல் ரோலன்ட் பார்த் எழுதினார். நூலின் பொருளை ஆசிரியனின் வாழ்க்கை வரலாற்றிலே தேடிக்கொண்டிருந்த திறனாய்வுக்கு அது வேண்டிய மருந்தே. எனினும் தமிழிற் கற்போர்க்கு அக்கூற்று அத்துணை அதிர்ச்சி தருவதன்று. தமது பாடலில் வரும் தொடராலேயே பெயர் பெற்ற புலவர்கள் சங்கத் தொகைகளில் உளர். செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் போன்ற பெயர்கள் பாடலிலிருந்து பிறந்தவை. அங்கே புலவன் பாட்டைப் படைத்தான். பாட்டு புலவனின் பெயரைப் படைத்தது. இயற்பெயர் அழிந்துபோன இடத்திலும் தொகுத்தோர் அவ்விடத்தை வெறுமையாக விடவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. இங்கே ஒருவர் நின்று பேசினார் என்னும் அடையாளத்தையேனும் வைத்தே சென்றனர்.

எமது கரையோர எழுத்தாளரும் புனைபெயரிலே வாழ்ந்தோர்தாம். பெரியநீலாவணையின் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்ட நீலாவணன், மருதமுனையை முன்னிட்டுத் தம்மை ஒரு கொத்தனாக அழைத்துக்கொண்ட மருதூர்க்கொத்தன், 1985 இல் 'நானும் ஒரு பூனை' என்ற தொகுதியோடு வந்த கல்முனைச் சோலைக்கிளி ஆகியோர் பெயர்கள் அனைத்தும் ஒரு வகையிற் படைக்கப்பட்ட பாத்திரங்களே. ஆனால் அப்பாத்திரங்களுக்கு ஓர் ஊர் இருந்தது. நீலாவணன் 1975 இல் மறைந்தார்; வேளாண்மை வாழ்வைப் பாடிய அவரது காவியம் 'வேளாண்மை' 1982 இல் நூலாகியது. அந்நூலின் பேச்சுவழக்கையும் வயற்செய்திகளையும் அவ்வூர் விவசாயி ஒருவர் எடுத்து, 'இது சரி, இது பிழை' என்று கூற இயலும். கவிஞனுக்குப் புகழ் தருவது எதுவாயினும், அவனை ஆக்கியோன் ஆக்குவது இவ்வாறு கேட்கப்படுதலும் விடை கூறக் கடமைப்படுதலுமே.

இக்கரையில் ஊருக்குப் புதிதாய் வந்த இளைஞனை முதியோர் கேட்கும் முதற்கேள்வி, 'நீங்க யார்ர மகன், எந்தக் குடி?' என்பது. குடி இங்கே தாய்வழி வருவது. கேட்பவர் அவனைத் தாழ்த்தவோ உயர்த்தவோ அதனைக் கேட்பதில்லை. அவன் சொல்லுக்குப் பின்னால் நிற்போர் யார் என்று அறியவே கேட்கின்றனர். நன்னூலார் 'வழி' என்றதும் கல்முனை முதியவர் 'குடி' என்பதும் ஏறக்குறைய ஒன்றே எனத் தோன்றுகின்றது.

5

பொறியிடமும் இதே கேள்வியை நாம் கேட்டுப் பார்த்தோம். மொழி மாதிரி ஒன்றினிடம், கல்முனைப் பக்கத்து முஸ்லிம் பெண்ணொருத்தியின் குரலில், கணவனைப் பிரிந்த துயரைக் கூறும் நாட்டார் கவி சில தருமாறு கோரினோம். நொடியில் வந்தன. எதுகை இருந்தது, துயரமும் இருந்தது. ஆனால் அவள் தன் கணவனை 'அத்தான்' என்றாள், 'அம்மா'விடம் முறையிட்டாள், மல்லிகை சூடினாள். உம்மாவும் மச்சானும் அங்கில்லை. வட்டையும் இல்லை, வாடியும் இல்லை. பெருந்தொகையாகக் கிடைக்கும் தென்னிந்திய எழுத்திலிருந்து கற்ற பொறி, சிறுதொகையாகவும் கிடைக்காத எமது வழக்கைப் பெரும்பான்மையின் அச்சில் வார்த்துவிட்டது.

இக்குறை காலப்போக்கிற் குறையும் என்பதில் எமக்கு ஐயமில்லை. எம்மைச் சிந்திக்க வைத்தது அடுத்து நிகழ்ந்ததே. பிழைகளைச் சுட்டியதும் பொறி வருத்தம் தெரிவித்து, அத்தானை மச்சானாக்கி, அம்மாவை உம்மாவாக்கித் தந்தது. ஒரு சொல்லுக்கேனும் அது வாதாடவில்லை. நாட்டார் பாடல் தொகுக்கச் சென்ற எவரும் அறிவர்: ஒரு மூதாட்டியிடம் 'இந்த அடி வேறுவிதமாக அல்லவா வர வேண்டும்' என்று கூறினால், அவர் எளிதில் இணங்கமாட்டார். தம் மூத்தம்மா அவ்வாறே சொன்னார் என்று உறுதியாக நிற்பார். அந்த மறுப்பே அவருடைய ஆசிரியத்துவம். மறுக்க இயலாத குரலுக்குப் பாத்திரம் என்ற பெயர் பொருந்தலாம். ஆக்கியோன் என்ற பெயர் பொருந்தாது.

இதனை வெறும் கோட்பாட்டுச் சிக்கல் என்று கருதிவிடலாகாது. 2004 டிசெம்பர் 26 அன்று எழுந்த கடல் இத்தீவில் மிகுதியான உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்திலேயே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் அதன் வடு இன்னும் ஆறவில்லை. பிள்ளையை இழந்த சாய்ந்தமருதுத் தாயொருத்தியின் புலம்பலை இன்று எவரும் ஒரு பொறியிடம் கேட்டுப் பெறலாம். இழப்பை நேரிற் காணாத கவிஞரும் அத்தகைய புலம்பலை எழுதியிருக்கலாமே என்று வினவக் கூடும். உண்மை, எழுதலாம். ஆனால் அக்கவிஞர் மறுநாள் அதே ஒழுங்கையால் நடக்க வேண்டியவர். 'என் பிள்ளையை நீ ஏன் இப்படிப் பாடினாய்' என்று ஒரு தாய் கேட்டால் அவர் முன் நிற்க வேண்டியவர். பொறியை ஏவிப் பாடல் பெற்றவர் தம் பெயரை மறைத்துக்கொண்டால் அத்தாய் எவர் வாயிலிற் சென்று கேட்பாள்?

விஜேரத்னவின் நாவலை நாம் மதிப்பதற்குக் காரணமும் இதுவே. அவர் பொறியின் அடிகளைத் தம்முடையன என்று கூறவில்லை. பொறியே எழுதியது என்று கூறி ஒதுங்கிக்கொள்ளவும் இல்லை. அம்பர் றோஸின் கூற்றுக்கு விடை கூறும் பொறுப்பில் தம் பெயரை வைத்தார்.

6

இவ்விடத்தில் எமது பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்ளுதல் நேர்மை. நாட்டார் கவிகளுக்கு ஆசிரியர் இல்லை என்று எழுதிப் பழகிவிட்டோம். அவை சமுதாயத்தின் பொதுச் சொத்து என்பது ஓரளவுக்கே உண்மை. ஒவ்வொரு கவியையும் ஒருநாள் ஒருவர் முதன்முதலிற் சொன்னார். அவர்களிற் பலர் பெண்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரானைப் போன்றோர் ஊர் ஊராகச் சென்று தொகுத்திராவிடின் இக்கவிகளிற் பெரும்பகுதி எமக்குக் கிட்டியே இராது; அத்தொண்டு பெரிது. ஆயினும் இத்துறையில் வெளிவந்த தொகுப்புகளையும் கட்டுரைகளையும் பொதுவாக நோக்குமிடத்து, கவி அச்சேறிய அளவுக்குக் கவி சொன்னவர் பெயர் அச்சேறவில்லை. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாவதற்கு முன்னர் இக்கரையின் பாடல்கள் மட்டக்களப்புப் பாடல்கள் என்ற பொதுப்பெயருக்குள் அடங்கின. அதனால் ஊரின் பெயரும் பலவிடத்து மறைந்தது. ஆளின் பெயரை நாமே விட்டோம். ஊரின் பெயரையும் நாமே விட்டோம். இன்று பொறி அவற்றை விட்டுவிடுகின்றது என்று முறையிடுவது எங்ஙனம்?

ஆதலின் செய்யத்தக்க ஒன்றுண்டு. 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவிற் பேணி வருகின்றது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொரு மாணவர் கையிலும் இருக்கின்றது. இனிப் பதிவு செய்யும் ஒவ்வொரு கவியின் தலையிலும், சொன்னவர் இசைவோடு, அவர் பெயர், ஊர், யாரிடம் கேட்டார் என்ற செய்தி, சொன்ன நாள் ஆகிய நான்கையும் எழுதி வைத்தல் வேண்டும். பெயர் வெளியிட விரும்பாதவருக்குச் செம்புலப்பெயனீரார்க்குச் செய்ததைப் போல அவர் கவியிலிருந்தே ஒரு பெயர் வைக்கலாம். பழந்தொகுப்புகளிற் பெயர் விடுபட்டோர் இன்னும் உயிரோடிருப்பின், அவர்களையும் அவர்தம் மக்களையும் தேடிச் சென்று கேட்டல் வேண்டும். அக்காலம் நீளமானதன்று. கவி அறிந்த தலைமுறை எம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கின்றது.

பொறி நாளை எமது வழக்கை நன்றாகவே கற்றுக்கொள்ளக் கூடும். அது மச்சானையும் உம்மாவையும் பிழையின்றி அழைக்கும் நாளில், அச்சொற்கள் எவர் வாயிலிருந்து வந்தன என்று காட்ட எம்மிடம் ஏடு இருத்தல் வேண்டும். ஆக்கியோன் பெயரையும் வழியையும் பாயிரத்தின் தலையில் வைத்தவர் நூலாசிரியனைப் புகழ்வதற்காக மட்டும் அவ்வாறு வைத்திருக்கமாட்டார். கற்போன் ஏமாறாதிருக்கவும் வைத்திருப்பார் என்றே நாம் கருதுகின்றோம்.